பொண்ணுக்குப் பங்கு: விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

பெண்களுக்காக அரசு செய்தவை என்று பட்டியல் போட்டால் உரிமைத்தொகை, கட்டணமில்லாப் பேருந்து, உள்ளாட்சியில் பாதி இடம் என்று நீளும். ஒரு பெண்ணின் கைக்கு ஒரே தடவையில் பெரிய மதிப்பைக் கொண்டுவரக்கூடியது சொத்துரிமைச் சட்டம்தான். அந்தச் சட்டம் கொடுத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கால் மணி நேரத்தில் விடுதலைப் பத்திரமாக, அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று, எழுதிக் கொடுத்துவிட்டு வருவதும் நம் ஊரில்தான் நடக்கிறது. எந்தத் தாளில் எது போகிறது, எதை எங்கே பிடிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், தகப்பனின் சுய சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலே வரும் உரிமையை மட்டும் ஆண் பிள்ளைகளிடமே விட்டுவைத்தது. கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் மகளையும் பிறப்பாலே பங்காளி ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்றது. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் இந்தக் கல்யாணக் கணக்கை எடுத்துவிட்டது. திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருஷம் இழுபறியாகக் கிடந்த கேள்விக்கு 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் “89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாதுப்பா” என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்திரம் எழுதுபவர்களே சிலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. இன்றைக்குப் பார்க்க வேண்டிய தேதி 20.12.2004. அந்த நாளுக்கு முன் பூர்வீகச் சொத்து விற்கப்பட்டிருந்தாலோ, பதிவு செய்த பத்திரத்தின் மூலமோ கோர்ட் தீர்ப்பின் மூலமோ பாகம் பிரிந்திருந்தாலோ அதைத் தொட முடியாது. அன்றைக்குப் பிரியாமல் கிடந்த சொத்து என்றால் மகள் எந்த வருஷம் கல்யாணம் ஆகிப் போயிருந்தாலும் பங்காளிதான். “அப்பவே வாய்ப்பேச்சா பிரிச்சுக்கிட்டோம்” என்று அண்ணன் தம்பிகள் சொன்னால் சாதாரணமாக எடுபடாது. அப்போதே தனித்தனிப் பட்டா, தனித்தனி வரி ரசீது என்று அரசு ஆவணங்களில் அது தெளிவாக நின்றிருந்தால் மட்டும் அரிதாக ஏற்பார்கள்.

பங்கு எவ்வளவு என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். 18 ஏக்கர் பூர்வீக நிலம், அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956 சட்டத்தின் பழைய கணக்குப்படி, அப்பாவும் மகனும் மட்டும் பங்காளிகள், ஆளுக்கு 9 ஏக்கர். அப்பாவின் 9 ஏக்கரை அம்மா, மகன், மகள் மூவருக்கும் பிரித்தால் மூன்று மூன்று. ஆக மகனுக்கு 12, மகளுக்கு 3, அம்மாவுக்கு 3. இன்றைய கணக்கில் அப்பா, மகன், மகள் மூவரும் பங்காளிகள், ஆளுக்கு 6. அப்பாவின் 6 ஏக்கரை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2. மகனுக்கு 8, மகளுக்கு 8, அம்மாவுக்கு 2.

அம்மாவின் பங்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததைக் கவனியுங்கள். மகளைச் சமமாக்கிய சட்டம் மனைவியைப் பங்காளியாக்கவில்லை. இந்தக் குறையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மகளோடு உட்கார்ந்து கணக்குப் போடும்போது அம்மாவின் பெயரில் எது நிற்கப்போகிறது என்பதையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

அப்பாவின் சுய சம்பாத்தியம் என்றால் கணக்கு எளிது. உயில் இல்லையென்றால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அப்பாவைப் பெற்ற பாட்டி, எல்லோருக்கும் சம பங்கு. பாட்டியை மறந்துவிட்டு எழுதிய பாகப்பிரிவினைகள் பின்னால் பாட்டியின் வாரிசாக அத்தைமார் வந்து கேட்கும்போது ஆட்டம் காணும். ஏற்கெனவே இறந்துபோன மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்குப் போகும் என்பதும் அப்படி மறக்கப்படுகிற ஒன்று.

இன்னொரு பெரிய குழப்பம், எது பூர்வீகம் என்பது. “தாத்தா சொத்து, அதை எங்கப்பா யாருக்கும் எழுத முடியாது” என்று நம்பிக்கொண்டு இருப்பார்கள். தாத்தா தானே சம்பாதித்த நிலத்தை விட்டு, 17.6.1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அது அப்பாவுக்கு வந்திருந்தால் அது சட்டப்படி அப்பாவின் தனிச்சொத்து. அவர் அதை ஒரே மகனுக்கு உயிலோ செட்டில்மெண்டோ (உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் செல்லும். அதனால் வழக்கு, நோட்டீஸ் என்று போகும் முன் தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்பதற்குத் தாள் வேண்டும்: மூலப்பத்திரம், எஸ்.எல்.ஆர். எனும் பழைய நிலப் பதிவேட்டு நகல், யுடிஆர் (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) கால அ-பதிவேட்டு நகல். இவை தாலுகா அலுவலகத்திலும் மாவட்ட ஆவணக் காப்பறையிலும் மனுப் போட்டால் கிடைக்கும். உண்மையான பூர்வீகச் சொத்திலும்கூட அப்பா தன் பங்கை மட்டும் உயில் எழுதலாம். மேலே சொன்ன கணக்கில் அவருடைய 6 ஏக்கர் அவர் இஷ்டம். மகளின் 6 ஏக்கரில் அவர் கை வைக்க முடியாது.

தாள்களை எந்த வரிசையில் எடுப்பது? முதலில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சர்வே எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டும். உட்பிரிவு ஆன நிலமாக இருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுங்கள். 112/3 என்று தேடி “ஒன்றும் இல்லை” என்று வந்தது, 112/3ஏ என்று தேடினால் செட்டில்மெண்டோடு வரும். உயில் வில்லங்கத்தில் வராது, பதிவு செய்த உயிலாக இருந்தாலும் வராது. அது வேறு புத்தகத்தில் ஏறுகிறது. எழுதியவர் இறந்த பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி நகல் கேட்கலாம். உயிரோடு இருக்கும்வரை எழுதியவரைத் தவிர யாருக்கும் தரமாட்டார்கள்.

அடுத்தது பட்டா, சிட்டா. இது ஆன்லைனிலேயே பார்க்கலாம். அப்பா பெயரிலேயே நிற்கிறதா, கூட்டுப் பட்டா ஆகியிருக்கிறதா, அண்ணன் பெயருக்கு மட்டும் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பதற வேண்டாம். பட்டா உரிமைப் பத்திரம் இல்லை, வருவாய்த்துறையின் கணக்கு, அவ்வளவுதான். தாசில்தார் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று வழி உண்டு. ஆனால் உரிமை யாருக்கு என்ற தகராறு என்று தெரிந்தாலே “சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்” என்றுதான் எழுதுவார்கள். பட்டாவை மட்டும் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதில் வருஷங்கள் போய்விடும்.

மூன்றாவது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் மனு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை, தாசில்தார் கையெழுத்து. பெண் பிள்ளைகளின் பெயர் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விசாரணையின்போது ஊரில் இருப்பவர் அண்ணன். அவர் கொடுக்கிற ரேஷன் கார்டில் கல்யாணம் ஆகிப்போன தங்கையின் பெயர் இருக்காது. வெளியூரில் இருக்கும் மகள், அப்பா இறந்ததும் தானே மனுப் போட்டுவிடுவது பாதுகாப்பு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கும், கல்யாணத்துக்கு முந்தைய குடும்ப அட்டை நகல் இருந்தால் அதுவும் உதவும். பெயர் விட்டுப்போய்ச் சான்றிதழ் வந்துவிட்டது என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழில் பெயர் இல்லாததால் பங்கு போய்விடாது. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நிலத்தை விற்றுவிட்டால், வாங்கினவரையும் சேர்த்து வழக்குப் போட வேண்டி வரும்.

இனி விடுதலைப் பத்திரம். சட்டம் தந்ததெல்லாம் இங்கேதான் கரைகிறது.

மிரட்டி வாங்குவது குறைவு. “பேங்க் லோனுக்கு எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடணுமாம்”, “பட்டா மாத்தணும், ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா” என்று கூப்பிடுவார்கள். பட்டா மாற்ற யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைக்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்து, ரேகை வைத்து, இரண்டு சாட்சி போட்டால் அங்கே ஒரு பத்திரம் பதிவாகிறது என்று அர்த்தம். தலைப்பைப் படியுங்கள். பாகப்பிரிவினையா, விடுதலையா, செட்டில்மெண்டா, பொது அதிகார ஆவணமா (பவர் பத்திரம்) என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே போனால் பழகிய வாசகம் ஒன்று வரும்: “மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியத்தை அன்பின் பேரில் தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி எனக்கும் எனது பின்னிட்ட வாரிசுகளுக்கும் எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.” இந்த ஒரு வரியோடு உங்கள் பிள்ளைகளுக்கும் அதில் வழி அடைபட்டது.

விரும்பியே விட்டுக்கொடுக்கிறவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. அப்படியானாலும் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, சொத்து விவரம். வீட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு இருந்து, விவரத்தில் புஞ்சை, கிணற்றுப் பாத்தியம், ஊரடி மனை எல்லாம் வரிசையாக ஏறியிருக்கும். “இதில் விட்டுப்போன, பின்னால் தெரியவரும் சொத்துகளுக்கும்” என்று ஒரு வால் இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு, யாருக்கு. அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாக நினைத்து அண்ணனுக்கு எழுதியிருப்பது சகஜம். மூன்று, பணம். 5 லட்சம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, பத்திரத்தில் “அன்பின் பேரில்” என்றோ “ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்” என்றோ எழுதியிருந்தால் பிறகு கேட்க நாதியில்லை. டிடி எண்ணோ வங்கிப் பரிமாற்ற விவரமோ பத்திரத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் பதிவுக்கு முன் பணம் வந்திருக்க வேண்டும்.

செலவு அதிகம் ஆகும் என்பதால் பாகப்பிரிவினை வேண்டாம், விடுதலையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் வரும். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்ட் மூன்றுக்குமே 1 சதவீத முத்திரைத்தீர்வை, 1 சதவீதப் பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் உயர்த்தியபடி அதிகபட்சம் முத்திரைத்தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் பங்கு வாரியாகப் போடுவதால் கொஞ்சம் கூடும். அந்த வித்தியாசத்துக்காக ஏக்கர் கணக்கில் விட முடியுமா?

வாய்வார்த்தையாக “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று சொன்னது செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததும் தனியாக உரிமையைப் பறிக்காது. அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். “நூறு பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தோம், சீர் செஞ்சோம்” என்பதும் பங்கு மறுக்கக் காரணமில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவருடைய சுய சம்பாத்தியத்தில் பிற்காலத்தில் வரக்கூடிய பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் வழக்கமும் இருக்கிறது. இல்லாத உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதால் அது பொதுவாகச் செல்லாது. ஆனால் அதற்காகப் பணம் வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வாதாடும்.

ஏமாந்து கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால் காலம் முக்கியம். மோசடியால் எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட, மோசடி தெரியவந்ததிலிருந்து 3 வருஷம்தான். தெரிந்த நாளை எப்படி நிரூபிப்பது? வில்லங்கம் எடுத்த தேதி, நகல் வாங்கிய ரசீது, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீது, இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்தே இல்லாமல் அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் என்றால் கதை வேறு. அது உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது, நேரே பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

பாகப்பிரிவினை வழக்கில் எல்லாச் சொத்தையும் எல்லாப் பங்காளிகளையும் சேர்க்க வேண்டும். தகராறு இல்லாத அக்காவை விட்டுவிட்டோ, ஒரு சர்வே எண்ணை மறந்தோ போட்டால் அந்த ஓட்டையிலேயே வழக்கு நிற்கும். கோர்ட் கட்டணம் இரண்டு விதம். சொத்து இன்னும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் சிறிய நிர்ணயக் கட்டணம் போதும். உங்களை அனுபவத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். குத்தகைப் பணத்தில் அண்ணன் வருஷா வருஷம் ஏதோ கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த வங்கிக் கணக்குப் பக்கமே கூட்டு அனுபவத்துக்கு நல்ல சாட்சி. வெளியேற்றப்பட்டது தெரிந்தும் 12 வருஷம் சும்மா இருந்தால் வழக்கே காலாவதி ஆகலாம். “பங்கு கிடையாது” என்று அண்ணன் நோட்டீசுக்குப் பதில் எழுதினால், அந்தத் தேதியிலிருந்தாவது கடிகாரம் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்குப் போட்ட உடனே விற்கத் தடையாணையும் கேட்க வேண்டும். சார்பதிவாளரிடம் ஆட்சேபனை மனு கொடுத்தால் போதும் என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் வெறும் மனுவை நம்பி இருக்க முடியாது. அப்புறம், தீர்ப்பு வந்துவிட்டது என்று கொண்டாடிவிட்டு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை, பங்கு எவ்வளவு என்று மட்டும் அது சொல்லும். அதன் பிறகு இறுதிநிலைத் தீர்ப்பாணைக்குத் தனி மனு போட்டு, கோர்ட் நியமிக்கும் வக்கீல் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, எந்தப் பக்கம் உங்களுக்கு என்று வரைபடம் போட்டு, அது முத்திரைத்தாளில் ஏறிய பிறகுதான் உட்பிரிவு பட்டா கிடைக்கும். முதல் கட்டத்தோடு பத்துப் பதினைந்து வருஷம் கிடக்கும் வழக்குகள் உண்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது தடையாக இருக்கக் கூடாது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்ணுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு, தொலைபேசி 15100. வக்கீல் மட்டுமில்லை, கோர்ட் கட்டணத்துக்கும் அங்கே உதவி கேட்கலாம். வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு அழைக்கச் சொல்லியும் மனுக் கொடுக்கலாம். அங்கே பேசி முடிவது பல வீடுகளுக்கு நல்லது. ஏனென்றால் பெண்கள் கேட்கத் தயங்குவது சட்டம் தெரியாமல் மட்டும் இல்லை. நாளைக்குப் பிள்ளையின் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வர வேண்டுமே என்ற கணக்கு அவர்களுக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எந்தத் திருத்தச் சட்டமும் தொட்டதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதில் மகனும் மகளும் சமம். முஸ்லிம் தனிச்சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. பட்டியல் பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகப் பொருந்தாது, அவர்களுடைய வழக்கப்படிதான் பார்க்கப்படும். சமத்துவம் பேசும் அரசு இந்தக் கடைசி இரண்டையும் இன்னும் அப்படியே வைத்திருக்கிறது.

பங்கு கைக்கு வந்துவிட்டது என்றால் இன்னொரு வேலை பாக்கி. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். கணவனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால் அவளே சம்பாதித்து வாங்கிய வீடுகூடக் கணவனின் வாரிசுகளுக்குத்தான் போகும், பெற்ற தாய்க்கு அதற்கு அடுத்தபடிதான். பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லையென்றால் தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். இந்தப் பிரிவு பிடிக்காதவர்கள் உயில் எழுதிவிடலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, சாட்சிகளும் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். சொத்து பெறுபவரையோ அவருடைய கணவனையோ மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். வயதில் இளையவர்களாகப் பார்த்துப் போடுங்கள், பின்னால் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும்.